மொத்தமும் பிடிபடுகிறது, வரிக்கு வரி சறுக்குகிறதே!

கேள்வி: நான் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் நான்கு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். இன்வாய்ஸ்களைச் சரிபார்ப்பது, பேமென்ட் ஷீட் தயாரிப்பது, மாதக் கடைசியில் வங்கிக் கணக்கோடு ஒத்துப்பார்ப்பது ஆகியவை என் பொறுப்பு. பணம் எங்கே தேங்குகிறது, எந்த ஒப்புதல் தேவையே இல்லாமல் இரண்டு பேரிடம் போய்வருகிறது என்பதெல்லாம் எனக்குச் சட்டென்று தெரிந்துவிடும். ஆனால் எண்ணை இடம் மாற்றி அடித்துவிடுகிறேன். தேதியைத் தப்பாகப் போடுகிறேன். அட்டாச்மென்ட் இல்லாமல் மெயில் அனுப்புகிறேன். போன மாதம் ஒரு சப்ளையருக்கு ஒரே இன்வாய்ஸுக்கு இரண்டு முறை பணம் போய்விட்டது. மேலாளர் எல்லோர் முன்னாலும், "உங்களுக்குக் கவனமே கிடையாது" என்றார். வேலை முறையை மாற்ற நான் சொல்லியிருந்த யோசனையும் அதோடு ஓரங்கட்டப்பட்டது. "உனக்கு இது செட் ஆகாது, வேறு வேலை பார்" என்கிறாள் தோழி. இணையத்தில் ஆளுமைத் தேர்வு எழுதிப் பார்த்தேன். நான் முழுமையைப் பார்க்கும் வகையாம், நுணுக்கம் எனக்கு வராதாம். நான் தவறான வேலையில் இருக்கிறேனா? என் குணத்தை மாற்றிக்கொள்ள முடியுமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். குணத்தை மாற்ற வேண்டாம். அதற்காக மல்லுக்கட்டுகிறவர்கள் சில வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு ஒவ்வொரு வரியையும் மூன்று தடவை பார்ப்பார்கள், களைத்துப்போவார்கள், மறுபடியும் பழைய இடத்துக்கே வந்து சேருவார்கள். கூடவே "என்னால் முடியாது" என்ற முடிவும் மனதில் உட்கார்ந்துவிடும். மாற்ற வேண்டியது உங்கள் மேசையில் வேலை நடக்கும் விதத்தை. அதை உங்களைப் போன்றவர்கள் மற்றவர்களைவிட நன்றாகவே செய்கிறார்கள். ஆலோசனைக்கு வருகிறவர்களிடம் இதைத் தொடர்ந்து பார்க்கிறேன்.

எண் இடம் மாறுகிறது, தேதி தப்புகிறது, அட்டாச்மென்ட் விட்டுப்போகிறது, இரட்டைப் பேமென்ட் நடக்கிறது என்று உங்கள் தவறுகளைத் தனித்தனியாகப் பிரித்து எழுதியிருக்கிறீர்கள். "கவனமே கிடையாது" என்று ஒருவரைச் சொல்லிவிட்டால் அவர் செய்வதெல்லாம் ஒரே தவறு போலத் தெரியும். இவை நான்கும் வெவ்வேறு காரணத்தால் வருகின்றன, ஆகவே மருந்தும் வேறு வேறு. நீங்கள் அந்தப் பாதி வேலையை உங்களை அறியாமலேயே முடித்துவிட்டீர்கள்.

அந்த ஆளுமைத் தேர்வை ஓரமாக வையுங்கள். இத்தகைய தேர்வுகளைச் சில வாரம் கழித்து மீண்டும் எழுதினால் பலருக்கு வேறு வகை என்று முடிவு வருகிறது. முழுமை முதலில் கண்ணில் படுவது உங்களுக்கு மட்டும் உரிய வினோதமும் இல்லை. 1977-ல் உளவியல் அறிஞர் டேவிட் நேவன் ஒரு சோதனை செய்தார். சின்ன எழுத்துகளை அடுக்கி வேறொரு பெரிய எழுத்தின் வடிவத்தை உண்டாக்கிக் காட்டினார். பார்த்தவர்களுக்குப் பெரிய எழுத்துதான் முதலில் பிடிபட்டது. அடுக்கியிருந்த சின்ன எழுத்து அதற்குப் பிறகுதான். எல்லா மனதும் பொதுவாக மேலிருந்துதான் தொடங்குகிறது. அங்கிருந்து கீழே இறங்கி வருகிறோமா என்பதில்தான் ஆளுக்கு ஆள் வித்தியாசம்.

இறங்குவது எப்போது நிற்கிறது என்பதையும் ஆராய்ந்திருக்கிறார்கள். ராபின் வல்லாச்சர், டேனியல் வெக்னர் இருவரும் 1987-ல் வெளியிட்ட கோட்பாடு இதைச் சொல்கிறது: ஒரே செயலை நாம் "எண்களைத் தட்டுகிறேன்" என்றும் நினைக்கலாம், "மாதக் கணக்கை முடிக்கிறேன்" என்றும் நினைக்கலாம். வேலை புதிதாக, கடினமாக இருக்கும்போது மனம் முதல் வகையில் இருக்கும். பழகிய பிறகு இரண்டாவது வகைக்கு ஏறிவிடும். நான்கு ஆண்டுகள் இந்த வேலையில் கை பழகிவிட்ட உங்களுக்கு நடப்பதும் இதுதான் என்று நினைக்கிறேன். கை இன்வாய்ஸில் இருக்கிறது; மனம் அந்தத் தேவையில்லாத ஒப்புதலைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கிறது.

அப்படியானால் மனதை இழுத்துப் பிடித்து உட்கார வைத்தால் போதாதா? போதாது. 1948-ல் நார்மன் மேக்வொர்த், ரேடார் திரையைக் கண்காணிப்பவர்கள் ஏன் சமிக்ஞைகளைத் தவறவிடுகிறார்கள் என்று கண்டறிய, கடிகார முள் எப்போதாவது ஒரு இடம் தாண்டிக் குதிப்பதைக் கண்டுபிடிக்கும் வேலையை இரண்டு மணி நேரம் கொடுத்துப் பார்த்தார். முதல் அரை மணி நேரத்துக்குப் பிறகே தவறவிடுவது கூடிவிட்டது. அக்கறை குறைந்ததால் நடந்ததல்ல இது. மாறாத ஒன்றையே உற்றுப் பார்க்கும் கவனத்துக்கு ஆயுள் அவ்வளவுதான். அதனால்தான் "கவனமாக இரு" என்பதை நான் யாருக்கும் ஆலோசனையாகச் சொல்வதில்லை.

தவறு நடந்தால் உயிர் போகும் தொழில்கள் இதை முன்பே புரிந்துகொண்டன. 1935 அக்டோபர் 30 அன்று போயிங் நிறுவனத்தின் புதிய குண்டுவீச்சு விமானம் சோதனைக்காகக் கிளம்பியதும் விழுந்து நொறுங்கியது. வால்பகுதியை அசையாமல் பிடித்திருந்த பூட்டை விடுவிக்க மறந்திருந்தார்கள். ஓட்டியவர் மிகுந்த அனுபவசாலி. அதன் பிறகு விமானிகளிடம் "இன்னும் கவனமாக இருங்கள்" என்று சொல்லி நிறுத்திக்கொள்ளவில்லை. கிளம்பும் முன் பார்க்க வேண்டியவற்றை ஒரு பட்டியலாக எழுதிக் கையில் கொடுத்தார்கள். உலக சுகாதார அமைப்பு 2008-ல் அறுவைச் சிகிச்சைக்கு 19 அம்சப் பட்டியல் ஒன்றை அறிமுகப்படுத்தியது. எட்டு நகரங்களில் எட்டு மருத்துவமனைகளில் அதைப் பயன்படுத்திப் பார்த்த முடிவு 2009-ல் வெளியானது: இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதமாகக் குறைந்திருந்தது. அந்த மருத்துவர்களின் குணத்தை யாரும் மாற்றவில்லை.

இனி உங்கள் மேசைக்கு வருவோம்.

எண் இடம் மாறுவதை எடுத்துக்கொள்ளுங்கள். கணக்குப் பிரிவில் பழையவர்களுக்குத் தெரிந்த ஒரு சூட்சுமம் இருக்கிறது. உங்களுக்கு யாராவது சொல்லியிருக்கிறார்களா தெரியவில்லை. 5,840 என்பதை 5,480 என்று அடித்துவிட்டீர்கள் என்று வையுங்கள். வித்தியாசம் 360. அது 9-ஆல் மீதியில்லாமல் வகுபடும். பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் எந்த எண்ணில் இடம் மாறினாலும் வித்தியாசம் 9-ஆல் வகுபட்டே தீரும். 360-ஐ 9-ஆல் வகுத்தால் 40. அந்த 4, இடம் மாறிய இரண்டு இலக்கங்களுக்கும் இடையே 4 வித்தியாசம் என்று சொல்கிறது. 8-க்கும் 4-க்கும் அதே வித்தியாசம்தான். பின்னால் உள்ள ஒரு பூஜ்யம், மாறியது நூறாம் இடமும் பத்தாம் இடமும் என்று காட்டிக்கொடுக்கிறது. ஆக, ஷீட் முழுவதையும் மேலிருந்து கீழே துழாவ வேண்டாம். அந்த இரண்டு இடங்களில் 4 வித்தியாசம் உள்ள எண்களை மட்டும் பார்த்தால் போதும். ஒரு எண்ணில் கடைசிப் பூஜ்யம் விட்டுப்போனாலும் வித்தியாசம் 9-ஆல் வகுபடும் என்பதை நினைவில் வையுங்கள்: 450 என்பது 45 ஆகிவிட்டால் 405 குறையும். 9-ஆல் வகுபடாவிட்டால், வித்தியாசத்தைப் பாதியாக்கி அந்தத் தொகை எங்காவது இருக்கிறதா என்று பாருங்கள். டெபிட்டில் வர வேண்டியது கிரெடிட்டில் ஏறியிருந்தால் வித்தியாசம் சரியாக இரட்டிப்பாக வரும். அதுவும் இல்லையென்றால் வித்தியாசத் தொகையையே தேடுங்கள், ஒரு பதிவு விட்டுப்போயிருக்கலாம்.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தவறுக்கு ஒரு வடிவம் இருக்கிறது. வடிவத்தைப் பிடிப்பது உங்களுக்குக் கைவந்த கலை. நுணுக்கம் என்றாலே ஒவ்வொரு வரியாகப் பார்ப்பது என்று நினைத்துப் பயப்படுகிறீர்கள். மேலிருந்து பார்த்து நேராகத் தவறு இருக்கும் வரிக்கு இறங்குவதும் நுணுக்கம்தான்.

அடிக்கும்போதே எண் தப்பாமல் இருக்க இன்னொரு வழி, விரலை வைத்து வாய்விட்டுச் சொல்வது. ஜப்பானிய ரயில்வே ஊழியர்கள் சிக்னலைக் கைகாட்டி உரக்கச் சொல்வதைப் பார்த்திருப்பீர்கள். 1994-ல் அங்கே நடந்த எளிய சோதனை ஒன்றில், கைகாட்டிச் சொல்லிச் செய்தவர்களின் தவறு ஏறக்குறைய 85 சதவீதம் குறைந்தது. உங்கள் அலுவலகத்தில் உரக்கச் சொல்ல வேண்டாம், உதடு அசைந்தால் போதும். "ஐந்து, எட்டு, நான்கு, பூஜ்யம்" என்று இலக்கம் இலக்கமாகச் சொல்லுங்கள். "ஐயாயிரத்து எண்ணூற்று நாற்பது" என்று ஒரே மூச்சில் சொன்னால் மனம் மறுபடி மேலே ஏறிவிடும்.

தேதியில் பெரும்பாலும் நாளும் மாதமும்தான் இடம் மாறும். மாதத்தை எழுத்தில் தெரியும்படி அந்தக் கட்டங்களின் வடிவத்தை மாற்றிவிடுங்கள், முடிந்தது. மெயிலில் முதலில் அட்டாச்மென்ட், பிறகு செய்தி, கடைசியில் பெறுநர் முகவரி. பெறுநர் கட்டம் காலியாக இருக்கும் மெயில் தவறிப்போய்க் கிளம்ப முடியாது.

இரட்டைப் பேமென்ட் இவற்றைப் போன்ற சில்லறைத் தவறு அல்ல, அதைத் தனியாகப் பேச வேண்டும். அந்தப் பணம் திரும்பி வந்துவிட்டதா, அல்லது அடுத்த இன்வாய்ஸில் கழித்துக்கொள்ள சப்ளையர் கிரெடிட் நோட் கொடுத்துவிட்டாரா? இல்லையென்றால் யாரும் கேட்கும் முன் நீங்களே முன்நின்று அதை முடியுங்கள். அப்புறம், அது எப்படி நடந்தது என்று பாருங்கள். பொதுவாக இரண்டு வழியில் நடக்கும். ஒன்று, இன்வாய்ஸ் எண் ஒரு முறை "ஐ.என்.வி. 0457" என்றும் மறுமுறை "457" என்றும் பதிவாகியிருக்கும், கணினிக்கு அவை இரண்டும் வெவ்வேறு இன்வாய்ஸ், ஆகவே எச்சரிக்காது. மற்றொன்று, சப்ளையர் நினைவூட்டலோடு அனுப்பிய நகலைப் புது இன்வாய்ஸ் என்று நினைத்துப் பதிந்திருப்போம். முதலாவதற்கு, எண்ணை எப்போதும் எந்த வடிவத்தில் பதிவது என்று முடிவு செய்து எழுதிவையுங்கள். இரண்டாவதற்கு, நகலிலிருந்து பேமென்ட் போடுவதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் சேர்த்து, ஷீட்டை அனுப்பும் முன் சப்ளையர் பெயராலும் தொகையாலும் வரிசைப்படுத்தி, அந்த மாதம் ஏற்கெனவே போன பணத்தோடு சேர்த்து ஒரு பார்வை பாருங்கள். ஒரே பெயரில் ஒரே தொகை அடுத்தடுத்து நின்றால் கண்ணில் அறையும்.

இப்போது உங்கள் கடிதத்திலேயே இருக்கும், நீங்கள் கவனிக்காமல் விட்ட ஒன்றைச் சொல்கிறேன். தேவையே இல்லாமல் ஒப்புதல் இரண்டு பேரிடம் போகிறது என்கிறீர்கள். அந்த இரட்டைப் பேமென்ட்டும் அந்த இரண்டு பேரையும் தாண்டித்தானே போயிருக்கும்? இருவரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள், இருவருக்கும் தெரியவில்லை. ஏனென்றால் இருவரும் ஒரே விஷயத்தைத்தான் பார்க்கிறார்கள். இதே இன்வாய்ஸுக்கு முன்பு பணம் போயிருக்கிறதா என்று பார்ப்பது யாருடைய வேலையாகவும் இல்லை. பதிகிறவர் ஒருவர், சரிபார்க்கிறவர் வேறொருவர் என்று பிரித்து வைப்பது பணம் புழங்கும் எந்த இடத்திலும் அடிப்படைப் பாதுகாப்பு. தான் எழுதியதைத் தானே பார்க்கும்போது, எழுத நினைத்ததுதான் யாருக்கும் கண்ணில் தெரியும். உங்கள் அலுவலகத்தில் அந்தப் பாதுகாப்பு பெயருக்குத்தான் இருந்திருக்கிறது. தவறு உங்கள் கையில் நடந்தது, அதை மறைக்க வேண்டாம். ஆனால் அது வெளியே போனது ஓட்டை வழியாக. ஓரங்கட்டப்பட்ட உங்கள் யோசனைக்கு இதைவிட வலுவான ஆதாரம் கிடைக்காது.

இதை மேலாளரிடம் தனியாகச் சொல்லுங்கள். எல்லோர் முன்னிலையிலும் அவர் அப்படிப் பேசியது தவறு; உங்களுக்கு வலித்ததில் வியப்பே இல்லை. அந்த வலியை அந்தப் பேச்சுக்குள் கொண்டுபோகாதீர்கள். "அந்த இரட்டைப் பேமென்ட் என் கையில் நடந்தது. பணம் திரும்பிவிட்டது. அது எப்படி நடந்தது என்று பார்த்தேன், இனி நடக்காமலிருக்க என் பக்கம் இன்னின்ன மாற்றம் செய்திருக்கிறேன். இரண்டாவது ஒப்புதல் கொடுப்பவர், தொகைக்குப் பதிலாக முன்பு பணம் போயிருக்கிறதா என்பதைப் பார்த்தால் என்னைப் போல வேறு யார் தவறினாலும் பிடித்துவிடலாம்" என்ற அளவில் நிறுத்துங்கள். முழு முறையையும் மாற்றும் திட்டத்தை அன்றைக்கு எடுக்க வேண்டாம். பெரிய யோசனை சொல்பவர்கள் பலர் சறுக்குவது இந்த இடத்தில்தான்: பத்து மாற்றங்களை ஒன்றாகக் கொண்டுபோவார்கள், கேட்பவருக்குப் பத்தும் மிரட்டலாகத் தெரியும். ஒன்றைக் கொடுங்கள், அதைப் போன மாதத்து இன்வாய்ஸ்களோடு கொடுங்கள். எது எத்தனை நாள் யார் மேசையில் காத்திருந்தது என்று தேதியோடு காட்டுங்கள். கவனமில்லாதவர் என்று சொல்லப்பட்டவர் தேதியோடு பேசும்போது, அறையில் நிலைமை மாறும்.

எல்லா விவரத்துக்கும் ஒரே அளவு அக்கறை காட்ட முயலாதீர்கள். பணம் பெறுபவரின் வங்கிக் கணக்கு எண், தொகை, இன்வாய்ஸ் எண், இந்த மூன்றும் தவறினால் பணம் வெளியே போய்விடும், திரும்ப வாங்குவது பெரும்பாடு. கட்டத்தின் அகலமும் எழுத்தின் அளவும் தவறினால் யாரும் சாகப்போவதில்லை. நாளின் தொடக்கத்தில், மனம் தெளிவாக இருக்கும் அரை மணி நேரத்தை அந்த மூன்றுக்கு மட்டும் கொடுங்கள். எது முக்கியம் என்று பிரித்தறிவதற்கு முழுமையும் தெரிந்திருக்க வேண்டும். இந்த இடத்தில் நுணுக்கக்காரர்கள் என்று பெயரெடுத்த பலர் திணறுவார்கள், நீங்கள் திணற மாட்டீர்கள். பக்கத்தில் அப்படி ஒரு நுணுக்கக்காரர் இருந்தால் அவருடன் ஒப்பந்தம் செய்துகொள்ளுங்கள். உங்கள் ஷீட்டை அவர் பார்க்கட்டும். அவர் மாதக் கணக்கு ஏன் டேலி ஆகவில்லை என்று தவிக்கும்போது நீங்கள் போய் உட்காருங்கள்.

இத்தனையும் செய்து மூன்று மாதக் கடைசிகள் போகட்டும். அதுவரை செய்த தவறுகளை ஒரு நோட்டில் குறித்துவாருங்கள்: என்ன தவறு, எந்த நேரம், அப்போது பக்கத்தில் என்ன நடந்தது. தவறுகள் குறைந்து, வேலையும் சகிக்கும்படி இருந்தால் நீங்கள் தவறான வேலையில் இல்லை. தவறுகள் குறைந்தும் மாலையில் பிழிந்தெடுத்தாற்போல் இருந்தால், இந்த இருக்கைதான் உங்களுக்குப் பொருந்தவில்லை, துறை அல்ல. உள்தணிக்கை, பட்ஜெட் மற்றும் நிதித் திட்டமிடல், புதிய கணக்கு மென்பொருளை நிறுவனத்தில் கொண்டுவரும் குழு போன்றவற்றில், பணம் எங்கே தேங்குகிறது என்று பார்க்கத் தெரிந்தவர்களுக்கு இடம் உண்டு. அங்கே விவரமே வேண்டாம் என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள். செவ்வாய்க்கு அனுப்பிய விண்கலம் ஒன்றை நாசா 1999-ல் இழந்தது, ஒரு குழு ஒரு அலகிலும் மற்றொரு குழு வேறு அலகிலும் கணக்குக் கொடுத்ததால்தான்.

தவறுகள் குறையவே இல்லையென்றால் நான் வேறு இரண்டு கேள்விகள் கேட்பேன். இது எப்போதிலிருந்து? சிறு வயதிலிருந்தே பொருட்களைத் தொலைப்பது, தொடங்கியதை முடிக்காமல் விடுவது, பேச்சின் நடுவே மனம் எங்கோ போவது என்று வீட்டிலும் வெளியிலும் இருந்துவந்ததா? அப்படியென்றால் ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். கவனக்குறைவு மிகைச் செயல்பாட்டுக் கோளாறு பெரியவர்களுக்கும் இருக்கும்; பெண்களில் பலருக்கு அது தாமதமாகவே கண்டறியப்படுகிறது, சிகிச்சையும் உண்டு. மாறாக, முதல் மூன்று ஆண்டு நன்றாகப் போய் அண்மையில்தான் சறுக்கத் தொடங்கியது என்றால் தூக்கம், கண் பார்வை, தைராய்டு, மனச்சோர்வு, வீட்டுக் கவலை என்று பார்க்க வேண்டியவை வேறு. நீங்கள் எழுதியதை வைத்து இவற்றில் எதையும் நான் முடிவு செய்ய முடியாது. நேரில் பார்க்கும் மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

மூன்றாவது மாதக் கணக்கை முடிக்கும் வரை ராஜினாமாக் கடிதம் எழுத வேண்டாம். முடித்ததும் அந்த நோட்டில் இருப்பதைச் சுருக்கி எனக்கு எழுதுங்கள், வேலை மாறுவதைப் பற்றி அப்போது பேசுவோம். இப்போதைக்கு, மேலாளரைச் சந்திக்கும் முன் அந்த இரட்டைப் பேமென்ட்டின் இரண்டு வவுச்சர்களையும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இன்வாய்ஸ் எண் எப்படிப் பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள்.